வெள்ளையணுக்களுக்கு வழி சொல்வது யார்? கீமோகைன்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரமுள்ள கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் உயிரியல் சொல்லிக் கொடுத்து வருகிறேன். நோய் எதிர்ப்புப் பாடத்தில் வெள்ளையணுக்களின் பெயர்களும் வேலைகளும் அவர்களுக்குச் சீக்கிரம் மனப்பாடமாகிவிடுகின்றன. ஆனால் காலில் பட்ட காயத்துக்கு அந்த அணுக்கள் எப்படி வழி கண்டுபிடித்து வருகின்றன என்று யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அன்றைய பாடம் அங்கேயே நின்றுவிடும். அப்படிக் கேட்ட பிள்ளைகளின் கேள்விகளையும், இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று விசாரித்த பெரியவர்களின் கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கீமோகைன் என்றால் என்ன?

நம் உடலின் செல்கள் வெளியே சுரக்கின்ற மிகச் சிறிய புரதங்களில் ஒரு குடும்பத்துக்கு அந்தப் பெயர். ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகளையும் சேர்த்து 574 அமினோ அமிலங்கள் இருக்க, பெரும்பாலான கீமோகைன்கள் 70 முதல் 100 அமினோ அமிலங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. மனித உடலில் இதுபோல் 45க்கு மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. அவற்றை உணரும் ஏற்பிகள் ஏறத்தாழ 20. கொரோனாக் காலத்தில் எல்லார் வாயிலும் அடிபட்ட சைட்டோகைன்கள் என்னும், செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்களின் பெரிய குடும்பத்தின் ஒரு கிளைதான் இவை. எந்த வெள்ளையணு எங்கே போக வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்பதைத் தெரிவிப்பதே இவற்றின் முதன்மையான வேலை.

சிஎக்ஸ்சிஎல்8, சிசிஆர்7 என்ற பெயர்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறதே?

ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டால் பயம் தெளிந்துவிடும். இந்தப் புரதங்களின் தொடக்கப் பகுதியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் எப்படி அமைந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் பெயர் சூட்டப்படுகிறது. இரண்டு சிஸ்டீன்கள் ஒட்டி நின்றால் சிசி. நடுவில் வேறொரு அமினோ அமிலம் இருந்தால் சிஎக்ஸ்சி. மூன்று இருந்தால் சிஎக்ஸ்3சி. அந்த இடத்தில் ஒரே ஒரு சிஸ்டீன் மட்டும் இருந்தால் எக்ஸ்சி. கடைசியில் எல் என்று வந்தால் அது கீமோகைன், ஆர் என்று வந்தால் அதன் ஏற்பி. கீமோகைன் என்ற சொல் 1992இல் ஆஸ்திரியாவின் பாடன் நகரில் நடந்த ஆய்வாளர் கூட்டத்தில் பிறந்தது. இந்த எண் முறை 2000இல் வந்தது. அதற்கு முன் ஒரே புரதத்துக்கு ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் ஒவ்வொரு பெயரை வைத்திருந்தது. 1987இல் கண்டறியப்பட்ட இன்டர்லூக்கின்-8 தான் இன்றைய சிஎக்ஸ்சிஎல்8. பழைய பெயரும் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

காலில் முள் குத்தினால் உள்ளே என்னதான் நடக்கிறது?

தோப்புக்குள் செருப்பில்லாமல் நடந்து கருவேல முள்ளை ஏற்றிக்கொண்டவர்கள் இங்கே வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள் என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முள்ளோடு பாக்டீரியாவும் உள்ளே போகிறது. தோலுக்கடியில் ஏற்கெனவே குடியிருக்கும், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அதை உணர்ந்தவுடன் சில சைட்டோகைன்களைச் சுரக்கின்றன. அவற்றின் தாக்கத்தால் அருகிலுள்ள சிறு இரத்தக் குழாய்களின் உட்சுவரில் செலக்டின் என்னும் புரதங்கள் முளைத்து நிற்கும். குழாயில் விரைந்து போய்க்கொண்டிருந்த நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளையணுக்கள் அவற்றில் இலேசாக ஒட்டுவதும் விடுபடுவதுமாக, சுவரோரம் உருளத் தொடங்குகின்றன. இந்த உருளல் நிலையானதன்று. அங்கே வேறு செய்தி எதுவும் கிடைக்காவிட்டால் அந்த அணு பிடியை விட்டு ஓட்டத்தோடு போய்விடும்.

செய்தி கிடைக்கும் இடம் இதுதான். உருண்டு வரும் நியூட்ரோஃபில், சுவரில் ஒட்டவைக்கப்பட்டிருக்கும் இன்டர்லூக்கின்-8ஐத் தன் ஏற்பியால் தொட்ட சில நொடிகளுக்குள், அதன் மேற்பரப்பில் மடங்கிக் கிடந்த இன்டெக்ரின் புரதங்கள் நிமிர்ந்து சுவரை இறுகப் பற்றிக்கொள்கின்றன. உருண்டை வடிவத்தில் இருந்த அணு தட்டையாகி, சுவரின் மேல் ஊர்ந்து, இரண்டு செல்களுக்கு இடையிலான இடுக்கைத் தேடி, தன் உடலையே நீட்டி நெளித்து வெளியே நுழைகிறது. உட்கரு பல மடல்களாகப் பிரிந்திருப்பது அந்த இடுக்கில் நுழைய வசதியாக இருக்கிறது.

வெளியே வந்தபின் கீமோகைன் செறிவு கூடிக்கொண்டே போகும் திசையில் நகர்ந்து முள் இருக்கும் இடத்தை அடைகிறது. கிருமியை நெருங்கியதும் பாக்டீரியாவே உதிர்க்கும் ஒருவகைப் பெப்டைடுத் துண்டுகள் அதற்குக் கிடைக்கின்றன. கீமோகைனும் இந்தத் துண்டும் வெவ்வேறு திசையைக் காட்டினால் நியூட்ரோஃபில் துண்டின் பக்கமே திரும்பும். ஊர் வரை வழி கேட்டு வந்தவன், வீட்டைக் கண்ணால் பார்த்தபின் யாரிடமும் கேட்பதில்லை அல்லவா? மறுநாளோ அடுத்த நாளோ முள் குத்திய இடத்தில் மஞ்சளாகத் திரளும் சீழில் பெரும்பகுதி, இப்படி வந்து வேலை முடித்து மடிந்த நியூட்ரோஃபில்களே.

இரத்தம் அவ்வளவு வேகமாக ஓடுகிறதே, கீமோகைன் அடித்துக்கொண்டு போகாதா?

இதைக் கேட்டவள் ஒரு பிளஸ் டூ மாணவி. அன்று கணவாய்க் காற்று பேயாய் வீசிக்கொண்டிருந்ததால் பதிலும் கையோடு கிடைத்தது. எங்கள் பகுதியில் ஆடி மாதத்தில் பலாப்பழத்தை வெட்டி வாசலில் வைத்தால், அதன் மணம் நான்கு திசையிலும் சமமாகப் பரவாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று அதைக் கிழக்கே அள்ளிக்கொண்டு போய்விடும். ஓடும் இரத்தத்தில் கரைந்த கீமோகைனுக்கும் அதே கதிதான். ஆகவே உடல் அதை மிதக்க விடுவதில்லை. இரத்தக் குழாயின் உட்சுவரிலும் திசுக்களுக்கு இடையிலும் ஹெப்பரான் சல்ஃபேட் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் உள்ளன. அவை எதிர்மின் சுமை கொண்டவை. கீமோகைன்களில் பெரும்பாலானவை நேர்மின் சுமை கொண்டவை. எனவே கீமோகைன் அந்தச் சங்கிலியில் ஒட்டிக்கொண்டு, காயம்பட்ட இடத்தைவிட்டு நகராமல் நிற்கிறது. இந்த ஒட்டுதலைக் கெடுக்கும்படி மாற்றியமைக்கப்பட்ட கீமோகைன்கள், ஆய்வகத் தட்டில் செல்களை இழுத்தாலும், உயிருள்ள எலியின் உடலில் இழுக்கத் தவறியதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

கண்ணும் மூக்கும் இல்லாத செல்லுக்குத் திசை எப்படித் தெரியும்?

நியூட்ரோஃபில்லின் குறுக்களவு ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர். அதன் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையில் கீமோகைன் செறிவு ஒன்றிரண்டு விழுக்காடு மாறுபட்டாலே அதனால் உணர முடியும். செல்லின் மேற்பரப்பு முழுவதும் ஏற்பிகள் பரவியிருக்கின்றன. எந்தப் பக்கத்தில் அதிகம் நிரம்புகின்றனவோ அந்தப் பக்கம் உள்ளே ஒரு சமிக்ஞைச் சங்கிலி வலுப்பெற்று, ஆக்டின் என்ற புரத இழைகள் அங்கே வளர்ந்து சவ்வை முன்னே தள்ளுகின்றன. பின்புறத்தில் மயோசின் என்ற புரதம் சுருங்கச் செய்து வாலை இழுத்துக்கொள்கிறது. செல்லை வெளியிலிருந்து எதுவும் இழுப்பதில்லை. நடப்பது முழுக்க அதன் சொந்த உழைப்பு. திசுவுக்குள் நிமிடத்துக்குப் பத்து மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டரைக் கடக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஒரு கீமோகைன் வெளிப்பட்டால் எல்லா வெள்ளையணுக்களும் வந்துவிடுமா?

வராது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து முதல்முறை பாலக்காட்டுக்கு வருகிறவர், மலையாளம் மட்டும் எழுதிய பலகையோடு பேருந்து கண்ணெதிரே நின்றாலும் அதில் ஏறாமல் நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பலகையில் குறை ஒன்றுமில்லை. அவருக்கு அந்த எழுத்து தெரியாது, அவ்வளவுதான். அதுபோல் குறிப்பிட்ட ஏற்பி உள்ள செல்லுக்கு மட்டுமே குறிப்பிட்ட கீமோகைன் பொருள்படும். சிசிஎல்11 ஈசினோஃபில்களை அழைப்பது, அவற்றின் மேல் சிசிஆர்3 நிறைய இருப்பதால். சிசிஎல்2 மோனோசைட்டுகளை அழைப்பது, அவற்றின் மேல் சிசிஆர்2 இருப்பதால். செல் தன் ஏற்பிகளை மாற்றிக்கொள்ளவும் கூடும். நேற்றுவரை படிக்கத் தெரியாத பலகையை இன்று படிக்கும். அடுத்த பதிலில் நடப்பது அதுதான்.

காலில் புண் இருக்க, தொடையிடுக்கில் நெறி கட்டுவது ஏன்?

மலையாளத்தில் கழல என்பார்கள், நம் வீடுகளில் நெறி கட்டியிருக்கிறது என்போம். வீங்குவது நிணநீர் முடிச்சு. காயத்தில் கிருமியை விழுங்கிய டென்ட்ரைட்டிக் செல்கள், தம்மை இதுவரை தோலில் தங்கவைத்திருந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொண்டு, சிசிஆர்7 என்ற ஏற்பியைப் புதிதாக ஏந்துகின்றன. நிணநீர்க் குழாய்களும் முடிச்சுகளும் சிசிஎல்21, சிசிஎல்19 ஆகிய கீமோகைன்களைச் சுரப்பதால், அந்தச் செல்கள் கிருமியின் துண்டுகளைச் சுமந்துகொண்டு தொடையிடுக்கு முடிச்சுக்கு வந்து சேர்கின்றன. இன்னும் கிருமியையே பார்த்திராத டி செல்களும் அதே சிசிஆர்7ஐ வைத்துக்கொண்டு, இரத்தத்திலிருந்து அதே முடிச்சுக்குள் நுழைகின்றன. பி செல்களோ சிஎக்ஸ்சிஆர்5 மூலம் சிஎக்ஸ்சிஎல்13ஐப் பின்பற்றி முடிச்சின் வேறொரு அறையில் கூடுகின்றன. ஒரு குறிப்பிட்ட கிருமித் துண்டை அடையாளம் காணக்கூடிய டி செல்கள் இலட்சத்தில் ஒன்றோ அதற்கும் குறைவோதான் என்பதால், எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து போனால்தான் உரியவர்கள் சந்திக்க முடியும். சந்தை கூடாத ஊரில் வாங்குகிறவரும் விற்கிறவரும் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வீக்கத்துக்குக் காரணம் வருகை கூடுவது மட்டுமன்று, வெளியேற்றம் அடைபடுவதும்கூட. முடிச்சைவிட்டு வெளியேற டி செல்கள் நம்பியிருப்பது ஸ்பிங்கோசின்-1-பாஸ்ஃபேட் என்ற கொழுப்பு மூலக்கூறை. இது கீமோகைன் அன்று. தொற்றுக் காலத்தில் இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைன் சுரந்ததும் அந்த மூலக்கூறின் ஏற்பியை டி செல்கள் உள்ளே இழுத்துக்கொள்ள, வெளிவாசல் சில நாட்களுக்குக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. புண் ஆறியதும் நெறியும் வடிந்துவிடும். வடியாமல் வாரக்கணக்கில் கல்லாக நின்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பற்றுப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

குழந்தைக்குக் கக்குவான் இருமல். இரத்தத்தில் லிம்போசைட் மிக அதிகம் என்று சீட்டு சொல்கிறது. எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது, இங்கே எண்ணிக்கை ஏறியிருப்பதன் பொருள் வேறு. மலையாளத்தில் வில்லன் சும என்று சொல்லப்படும் இந்த நோயின் பாக்டீரியா பெர்டுஸிஸ் நச்சு என்ற ஒன்றைச் சுரக்கிறது. செல்லுக்குள் செய்தி அனுப்பும் கீமோகைன் ஏற்பிகள் அதற்கு ஜிஐ என்னும் புரதத்தைச் சார்ந்திருக்கின்றன. நச்சு அந்தப் புரதத்தையே முடக்கிவிடுகிறது. ஏற்பி வெளியே இருக்கிறது, கீமோகைனும் வந்து ஒட்டுகிறது, ஆனால் உள்ளே செய்தி போவதில்லை. அதனால் டி, பி செல்கள் அடங்கிய லிம்போசைட்டுகள் நிணநீர் முடிச்சுக்குள் நுழைய முடியாமல் இரத்தத்திலேயே சுற்றிச் சுற்றி வருகின்றன. பரிசோதனைச் சீட்டு காட்டுவது தெருவில் நிற்பவர்களின் எண்ணிக்கையை. வீட்டுக்குள் எத்தனை பேர் என்பது அதில் தெரியாது. கைக்குழந்தைகளில் இந்த எண்ணிக்கை மிக அதிகமாக ஏறுவது ஆபத்தின் அறிகுறி. இதே நச்சை ஆய்வகத்தில் செல்களின் மேல் இட்டுப் பார்த்துத்தான் கீமோகைன் ஏற்பிகளின் உள்வழியைப் பற்றி ஆய்வாளர்கள் நிறையக் கற்றார்கள் என்பது இதில் ஒரு விநோதம்.

இதற்கு நேர்மாறாக, வெள்ளையணுக்கள் கிளம்பவே முடியாமல் போவதுண்டா?

உண்டு. எலும்பு மஜ்ஜையில் சிஎக்ஸ்சிஎல்12 என்ற கீமோகைன் எப்போதும் சுரக்கிறது. சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி கொண்ட செல்களை அது அங்கேயே பிடித்துவைத்திருக்கிறது. அந்த ஏற்பியின் வால் பகுதி மரபணுக் குறையால் வெட்டுப்பட்டால் அதை அணைக்க முடியாது. அப்போது மஜ்ஜை நிறைய நியூட்ரோஃபில்கள் இருந்தும் இரத்தத்தில் அவை குறைந்து, அடிக்கடி தொற்றும் மருக்களும் வரும். விம் நோய் எனப்படும் இந்த அரிய குறைக்கான மரபணு 2003இல் அடையாளம் காணப்பட்டது. 1964இல் எந்தச் சிறுமியிடம் இந்நோய் முதன்முதலில் விவரிக்கப்பட்டதோ, அவர் வளர்ந்து முப்பது வயதைக் கடந்தபின் நோய் தானாக நீங்கி, பல ஆண்டுகள் கழித்து மருத்துவர்களிடம் வந்தார். அவருடைய மஜ்ஜையின் ஒரு மூலச் செல்லில் குரோமோசோம் ஒன்று நொறுங்கி மறுபடி ஒட்டியபோது, குறையுள்ள அந்த மரபணுவோடு வேறு 163 மரபணுக்களின் ஒரு படியும் தொலைந்திருந்ததும், அந்தச் செல்லின் வாரிசுகளே பின்னர் மஜ்ஜையில் ஓங்கியதும் 2015இல் வெளியான ஆய்வில் தெரிந்தன. வழக்கமாகப் புற்றுநோயில் காணப்படும் விபத்து ஒன்று இங்கே மருந்தாகிவிட்டது. நான் பாடம் எடுக்கும்போது, தூங்கி வழியும் கடைசி பெஞ்சுகூட இந்தக் கதைக்கு எழுந்து உட்காரும்.

இந்தப் பிடியைத் தளர்த்தும் பிளெரிக்ஸாஃபோர் என்ற மருந்து, சில இரத்தப் புற்று நோயாளிகளுக்கு அவர்களுடைய மூலச் செல்களையே எடுத்துத் திரும்பச் செலுத்துவதற்காக, அவற்றை இரத்தத்துக்கு வரவழைக்க 2008 முதல் பயன்படுகிறது. விம் நோய்க்கே உரிய மாவோரிக்ஸாஃபோர் 2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

எச்ஐவிக்கும் கீமோகைனுக்கும் என்ன சம்பந்தம்?

எச்ஐவி, டி செல்லுக்குள் நுழைய அதன் மேலுள்ள சிடி4 என்ற புரதம் மட்டும் போதாது. சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற கீமோகைன் ஏற்பியும் வேண்டும் என்பது 1996இல் தெளிவாயிற்று. சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட வடிவத்தைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், வட ஐரோப்பியரில் நூற்றுக்கு ஒருவர் அளவில் உள்ளனர். அவர்களுக்கு அந்த வழியாக வரும் எச்ஐவி பெரும்பாலும் தொற்றுவதில்லை. நம்மிடையே அந்த வடிவம் மிக அரிது. அத்தகைய ஒருவரின் மூலச் செல்களை இரத்தப் புற்றுக்காகப் பெற்ற டிமோதி ரே பிரௌன், எச்ஐவியிலிருந்தும் விடுபட்ட முதல் மனிதரானார். அப்படியானால் சிசிஆர்5 தேவையே இல்லையா என்று கேட்பார்கள். அது இல்லாதவர்களுக்கு வெஸ்ட் நைல் வைரஸ் தொற்று கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். 2018இல் சீனாவில் கருவிலேயே இம்மரபணுவைத் திருத்தியதாக ஓர் ஆய்வாளர் அறிவித்தபோது உலகமே கண்டித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மலேரியாவிலும் கீமோகைன் ஏற்பி உண்டாமே?

ஆம். இந்தியாவில் பரவலாக உள்ள விவாக்ஸ் மலேரியாக் கிருமி, சிவப்பணுவுக்குள் நுழைய டஃபி என்ற புரதத்தைப் பற்றுகிறது. டஃபி பல கீமோகைன்களைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் செல்லுக்குள் எந்தச் செய்தியும் அனுப்பாது. இரத்தத்தில் மிகுந்துபோன கீமோகைனை உறிஞ்சி வைக்கும் தொட்டி அது. மேற்கு ஆப்பிரிக்க மக்களில் மிகப் பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் டஃபி இல்லாததால் அங்கே விவாக்ஸ் அரிது.

கீரையும் வைட்டமின் மாத்திரையும் வெள்ளையணுக்களை வேகமாக நகர வைக்குமா?

வேகமாக நகர்ந்தால் நல்லது என்ற எண்ணமே தவறு. மூட்டுவாதத்திலும் ஆஸ்துமாவிலும் வெள்ளையணுக்கள் தேவையில்லாத இடத்துக்கு வந்து குவிவதுதான் சிக்கல். ஆயினும் வைட்டமின் ஏவுக்கு ஒரு குறிப்பிட்ட பங்கு உண்டு. குடலின் டென்ட்ரைட்டிக் செல்கள் அதிலிருந்து ரெட்டினோயிக் அமிலத்தை உண்டாக்கி, டி செல்களின் மேல் சிசிஆர்9 ஏற்பியைத் தோன்றச் செய்கின்றன. குடலுக்குத் திரும்பி வரும் முகவரி அது. குறைபாடு இருந்தால் ஈடுசெய்ய வேண்டும். குறைபாடு இல்லாதவர் மாத்திரையை அள்ளிப் போட்டால் வைட்டமின் ஏ நஞ்சாகும்.

கீமோகைனைத் தடுத்து மூட்டுவாதத்தைக் குணப்படுத்த முடியாதா?

பலமுறை முயன்றிருக்கிறார்கள். ஏற்பி ஒன்றைத் தடுக்கும் மருந்துகள் எலியில் பலித்து மனிதரில் தோற்றன. ஒரு கீமோகைன் பல ஏற்பிகளில் சேரும், ஓர் ஏற்பி பல கீமோகைன்களை ஏற்கும். எங்கள் எல்லையில் கோபாலபுரம் சோதனைச்சாவடியை மூடினால் வேலந்தாவளம் வழியாகப் போவது போல, ஒரு வழியை அடைத்தால் செல் இன்னொரு வழியில் வந்துவிடுகிறது. எச்ஐவிக்கு எதிரான மாராவிராக் 2007இல் வெற்றி பெற்றதற்குக் காரணம், அங்கே அடைக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு வாசல்தான். எல்லா வழியையும் ஒருசேர அடைப்பதில் மருந்துக் கம்பெனிகளைவிடக் கெட்டிக்கார உயிர் ஒன்று நம் நாயின் காதிலேயே இருக்கிறது.

அது என்ன உயிர்?

உண்ணி. நாயின் காதுமடலைப் புரட்டிப் பார்த்தால் மொச்சைக்கொட்டை அளவில் சாம்பல் நிறமாக ஊதித் தொங்கும். கொசு நொடிகளில் கடித்துவிட்டுப் பறந்துவிடும், அந்த இடம் தடித்துவிடும். உண்ணியோ ஒரே இடத்தில் நாட்கணக்கில் வாயைப் புதைத்து இரத்தம் குடிக்கிறது. அத்தனை நாளும் அந்த இடத்துக்கு வெள்ளையணுக்கள் திரண்டு வந்தால் அதனால் பிழைக்க முடியாது. ஆகவே தன் உமிழ்நீரில், வலியையும் உறைதலையும் தடுக்கும் பொருட்களோடு, எவாசின் என்ற சிறு புரதங்களையும் கலந்து விடுகிறது. இவை ஏற்பியைத் தொடுவதில்லை. கீமோகைனையே பிடித்து மூடிவிடுகின்றன. நம் ஊர் நாய்களின் மேல் சாதாரணமாகக் காணப்படும் பழுப்பு உண்ணியிலிருந்தே முதல் எவாசின்கள் பிரித்தறியப்பட்டன. அவற்றில் எவாசின்-3, முள் குத்திய கதையில் வந்த அதே சிஎக்ஸ்சிஎல்8ஐப் பிடிக்கிறது. எவாசின்-4 ஒன்றே சிசி வகையில் பலவற்றைப் பிடிக்கிறது. இந்தப் புரதங்களை மாதிரியாகக் கொண்டு அழற்சியைத் தணிக்கும் மருந்து செய்யும் முயற்சிகள் நடந்துவருகின்றன.

உண்ணி கடித்தது பல நேரம் தெரியாமலே போவதற்கும் இதுவே ஒரு காரணம். வயநாட்டில் குரங்குக் காய்ச்சலைப் பரப்பும் உண்ணி வேறு இனம் என்றாலும், காட்டோரம் மாடு மேய்த்துவிட்டு வருகிறவர்கள் வலி இல்லை என்று இருந்துவிடாமல், குளிக்கும்போது கணுக்காலையும் அக்குளையும் தொடையிடுக்கையும் தடவிப் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றவோ பீடி நெருப்பு வைக்கவோ வேண்டாம். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுத்தால் தலையோடு வந்துவிடும்.